டொக்கு டைலும் கீழ்வீட்டு சீலிங்கும்: பாத்ரூம் தரை பற்றி வாசகர் கேள்விகள்

மழைக்காலம் முடிந்ததும் வழக்கமாக மொட்டைமாடிக் கசிவு பற்றித்தான் கேட்பீர்கள். இந்த முறை பாத்ரூம் தரை பற்றி அடுத்தடுத்துக் கடிதங்கள். எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீடு தரைத்தளம். கட்டி 11 வருடம் ஆகிறது. பாத்ரூம் 5-க்கு 7 அடி. ஷவருக்குக் கீழே ஆறு டைல் தட்டினால் டொக்கு டொக்கு என்கிறது. ஒன்றை மிதித்தால் இடுக்கு வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் பிதுங்குகிறது, நாற்றமும் அடிக்கிறது. ஆறு டைலை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஒரு கொத்தனார். முழுத் தரையையும் உடைக்கணும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, மதுரை

இரண்டு பேரையும் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, அதிகமாக ஆடுகிற டைல் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நாலு பக்க ஜாயின்டையும் கிரைண்டரால் கீறிவிட்டு, நடுவில் உளி வைத்து உடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்திலிருந்து நெம்பினால் பக்கத்து டைலின் முனை தெறிக்கும். கண்ணாடி போடாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது. டைல் சில்லு கத்தி மாதிரி பறக்கும்.

எடுத்த டைலைத் திருப்பிப் பாருங்கள். முதுகு முழுக்கக் கலவை பிடித்திருந்தால் ஒட்டியது சரி, கோளாறு வேறெங்கோ. பெரும்பாலும் அப்படி இருக்காது. நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டை வைத்து அமுக்கிய தடம் தெரியும். மீதி இடமெல்லாம் கடையிலிருந்து வந்தபடி பளிச்சென்று இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் தண்ணீர் தேங்குகிறது. நீங்கள் மிதிக்கும்போது டைல் அரை மில்லிமீட்டர் கீழே போய் உள்ளே உள்ள தண்ணீரை வெளியே தள்ளுகிறது. காலை எடுத்ததும் மேலே கிடக்கிற சோப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. தினமும் நூறு முறை இந்த பம்ப் வேலை நடந்தால் அடிக்கலவையிலுள்ள மணல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வெளியே வந்துவிடும். சோப்பும் முடியும் அழுக்கும் காற்றுப் படாமல் அழுகுவதுதான் அந்தக் கறுப்பும் நாற்றமும்.

அடுத்து, குழிக்குள் இருக்கிற கலவையைப் பாருங்கள். ஆணியால் கீறினால் 'கர்' என்று சத்தம் வந்து, பொடி உலர்வாக உதிர்ந்தால் ஆறு டைல் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம். விரலால் தோண்டினாலே நனைந்த ஆற்றுமணல் மாதிரி வருகிறதா? இரண்டு நாள் அந்த பாத்ரூமில் குளிக்காமல் குழியைத் திறந்தே வையுங்கள். இரண்டு நாள் கழித்தும் குழி ஈரக் கறுப்பாகவே இருந்தால், அல்லது அடியில் தண்ணீர் ஊறி நின்றால், தரை முழுவதும் அடியில் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் தரை இந்த இரண்டாவது ரகமாகத்தான் இருக்கும். அப்போது ஆறு டைலை மட்டும் மாற்றுவது வீண் செலவு. புது ஆறு டைலுக்குப் பக்கத்திலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும்.

முழுத் தரை வேலைக்கு, 35 சதுர அடி கணக்கில் வரிசையைச் சொல்கிறோம்.

தரை டைலோடு சுவரின் கீழ் வரிசை டைலையும் எடுக்க வேண்டும். 'சுவரைத் தொட வேண்டாம்' என்று கெஞ்சாதீர்கள். தரையும் சுவரும் சேரும் அந்த மூலையில்தான் தண்ணீர் உள்ளே போகிறது. வாட்டர்ப்ரூஃப் பூச்சு சுவரில் ஒரு அடியாவது ஏறினால்தான் அதற்கு அர்த்தம். பழைய அடிக்கலவையை உறுதியான தளம் தெரியும்வரை கொத்தி எடுத்து, மண் இல்லாமல் கழுவிவிடுங்கள்.

பிறகு தரை ட்ராப், அதாவது தண்ணீர் வெளியேறுகிற வாய். வேலையில் அவசரப்படவே கூடாத இடம் இதுதான். பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் ஒன்றோடொன்று ஒட்டாது; ட்ராப்பைச் சுற்றி முடி அளவு இடைவெளி எப்போதும் இருக்கும். சுற்றிலும் 2 அங்குல அகலம், 2 அங்குல ஆழத்தில் பள்ளம் எடுத்து, சுருங்காத ரகக் கிரவுட்டை (இடைவெளியை அடைக்கும் கலவை) ஊற்றி நிரப்ப வேண்டும். வெறும் சிமென்ட் கலவை காய்ந்ததும் சுருங்கி மறுபடியும் அதே இடைவெளியைக் கொடுக்கும்.

தரைக் கலவை 1-க்கு 4. சராசரி ஒன்றரை அங்குல கனத்துக்கு ஒரு மூட்டை சிமென்ட், 5 கன அடி மணல், மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் திரவம். இந்தக் கட்டத்திலேயே வாட்டம் வந்துவிட வேண்டும். அடிக்கு 3 மில்லிமீட்டர் இறக்கம் குறைந்தபட்சம். ஷவருக்குக் கீழே அடிக்கு 5, 6 மில்லி கொடுக்கலாம். 7 அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் இறக்கம் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது. 'டைல் ஒட்டும்போது பார்த்துக்கலாம்' என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டும்போது வாட்டம் கொடுக்கப்போய்த்தான் ஒரு பக்கம் கலவை கனமாகவும் ஒரு பக்கம் வெற்றிடமாகவும் ஆகிறது.

தரையும் சுவரும் சேரும் மூலையில் கலவையை முக்கால் அங்குலத்துக்குச் சாய்வாக இழுத்துவிடச் சொல்லுங்கள். பூச்சு 90 டிகிரி மடிப்பில் விரிசல் விடும், சாய்வில் விடாது.

ஐந்து, ஆறு நாள் தண்ணீர் தெளித்து ஆறவிட்ட பிறகு, பவுடரும் திரவமும் தனித்தனியாக வருகிற பாலிமர் பூச்சு. சதுர மீட்டருக்கு இரண்டு கோட்டும் சேர்த்துச் சுமார் 2 கிலோ. தரையும் ஒரு அடி சுவரும் சேர்த்து உங்களுக்கு 10, 11 கிலோ தேவைப்படும். தளத்தை நனைத்து, நிற்கிற தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். முதல் கோட்டு கிழக்கு மேற்காக என்றால், நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது தெற்கு வடக்காக. மூலையிலும் ட்ராப்பைச் சுற்றியும் முதல் கோட்டு ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலைத்துணியைப் பதித்துவிடுங்கள். பூச்சு ட்ராப்பின் வாய்க்குள்ளும் ஒரு அங்குலம் இறங்க வேண்டும். இரண்டாவது கோட்டு காய்வதற்கு முன்னால் கொஞ்சம் சலித்த மணலைத் தூவிவிட்டால் டைல் கம் நன்றாகப் பிடிக்கும்.

மூன்று, நான்கு நாள் காயவிட்டு, ட்ராப்பை அடைத்து ஒரு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிப் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறாமல் ஒரு டைலைக்கூட வைக்க விடாதீர்கள். தரைத்தளமானதால் கீழே பார்க்க முடியாது. மறுபக்கச் சுவரின் அடியில் ஓதம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

டைல் ஒட்டுவதற்கு சிமென்ட் பால் வேண்டாம். விட்ரிஃபைட் டைல் தண்ணீரை உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. சிமென்ட் பால் அதன் முதுகில் வேரூன்ற வழியே இல்லை. ஐஎஸ் 15477 (டைல் கம்முக்கான இந்தியத் தர எண்) முத்திரையும், விட்ரிஃபைட் என்றால் டைப் 2 என்றும் போட்ட டைல் கம் வாங்குங்கள். 20 கிலோ மூட்டை 40 முதல் 50 சதுர அடி வரை வரும், உங்களுக்கு ஒன்று போதும். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, ரப்பர் சுத்தியால் தட்டி அமர்த்த வேண்டும். நாலைந்து டைலுக்கு ஒன்றை உடனே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகு முழுக்கப் பிடித்திருக்க வேண்டும். நடுவே 3 மில்லி ஸ்பேசர். ஒன்றோடு ஒன்று நெருக்கி ஒட்டினால் பார்க்க அழகுதான், ஆனால் கிரவுட் உள்ளே இறங்காது, மேலே பவுடர் பூசியதுபோல நின்று ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும்.

ஒரு நாள் கழித்து எபாக்ஸி கிரவுட். 1 அடி டைல், 3 மில்லி ஜாயின்ட் என்றால் 35 சதுர அடிக்கு ஒரு கிலோ போதும். தரையும் சுவரும் சேரும் மூலைக்கு மட்டும் கிரவுட் போடாமல் சிலிகான் விடுங்கள். இரண்டும் வேறு வேறு திசையில் அசைபவை. விறைப்பான எதுவும் அங்கே நிற்காது.

எல்லாம் சேர்த்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். நாலு நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் ஆறவிடுவதையும் தேக்கிப் பார்ப்பதையும் விட்டுவிடப் போகிறார்.

அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் பெயின்ட் பொரிந்து சொட்டுகிறதாம். எங்கள் தரையில் ஒரு டைல்கூட ஆடவில்லை. எபாக்ஸி கிரவுட் அடித்தால் நின்றுவிடும் என்கிறார் பிளம்பர். அசோசியேஷனில் உடைக்கச் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகர், சென்னை

எதையும் அடிக்காதீர்கள், உடைக்கவும் வேண்டாம், ஒரு வாரத்துக்கு. தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் செய்கிற எந்த வேலையும் குருட்டு வேலை. கீழ்வீட்டாரிடம் அனுமதி கேட்டு, அந்த ஓதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அன்றைய தேதியை எழுதுங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் இரண்டு நாள் அந்த பாத்ரூமை யாரும் பயன்படுத்தாமல் பூட்டிவையுங்கள். தண்ணீர் இணைப்பை மட்டும் திறந்தே வையுங்கள். அப்போதும் கோட்டைத் தாண்டி ஓதம் பரவினால், சொட்டு நிற்காவிட்டால், பெரும்பாலும் தரை குற்றவாளி இல்லை (தாழ்த்தி நிரப்பிய தளமானால் இது பொருந்தாது, அதைக் கடைசியில் சொல்கிறோம்). முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவருக்குள் போகிற சப்ளை பைப்பைத்தான். பைப்பை அழுத்தச் சோதனை பம்ப் வைத்துப் பார்க்கும் பிளம்பரைக் கூப்பிடுங்கள். அதுவரை டைலைத் தொடவே வேண்டியதில்லை.

சொட்டு குறைந்துவிட்டதா? அடுத்தது தரை. ஈரத்துணியைப் பாலிதீன் பையில் சுற்றி ட்ராப்பில் இறுக்கி அடையுங்கள். வாசற்படியில் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டுங்கள். 5-க்கு 7 அடி அறைக்கு ஒரு அங்குலம் நிற்க 80 லிட்டர், அதாவது ஐந்து பக்கெட் ஆகும். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். ஆவியாகி இரண்டு, மூன்று மில்லி குறைவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினாலோ, கீழே ஓதம் கோட்டைத் தாண்டினாலோ தரையில்தான் வழி.

மட்டம் இறங்கவில்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டு, கலர்ப்பொடி கரைத்த ஒரு பக்கெட் தண்ணீரை ட்ராப்புக்குள் மட்டும் மெதுவாக ஊற்றுங்கள். கீழே கலரோடு சொட்டினால் ட்ராப்போ, கழிவு பைப்பின் ஜாயின்டோ விட்டுப்போயிருக்கிறது.

இது மூன்றிலும் எதுவும் பிடிபடாவிட்டால், பலரும் பார்க்க மறக்கிற ஒரு இடம் இருக்கிறது: ஷவர், குழாய், ஹெல்த் ஃபாசெட் சுவரிலிருந்து வெளியே வருகிற ஓட்டை. அந்த ஸ்டீல் வளையத்தைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பைப்பைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்குக் குழி இருக்கும். குளிக்கும்போது சுவரில் வழிகிற தண்ணீர் நேராக உள்ளே போகும். குழியைக் கலவையால் அடைத்து, வளையத்தைச் சிலிகான் வைத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

தரைதான் என்று முடிவானாலும் பிளம்பர் சொல்கிற எபாக்ஸியை எடுத்த எடுப்பில் அடிக்க வேண்டாம். டைலுக்கு அடியில் ஏற்கெனவே ஊறியிருக்கிற தண்ணீர் இப்போது ஜாயின்ட் வழியாகக் கொஞ்சமாவது ஆவியாகிறது. மேலே மூடிவிட்டால் அது போவதற்கு ஒரே வழி கீழ்வீட்டு சீலிங். 'எபாக்ஸி போட்ட பிறகு அதிகமாகிவிட்டது' என்று வருகிற புகார்களுக்கு இதுவே காரணம்.

இன்னொன்று. உங்கள் கட்டடத்தில் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்தி சங்கன் ஸ்லாப் ஆக வார்த்து, அதைச் செங்கல் துண்டு போட்டு நிரப்பியிருந்தால் அது ஒரு மூடிய தொட்டி. செங்கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் விடும். அப்படியானால் உடைப்பதைத் தவிர்க்க முடியாது. நிரப்பலை முழுக்க அள்ளி, அடித்தளத்துக்கும் பூச்சு கொடுத்து, தண்ணீர் குடிக்காத பொருளால் நிரப்ப வேண்டும். தாழ்வின் அடிமட்டத்திலிருந்து வெளிச்சுவர் வழியாக முக்கால் அங்குல வடிகுழாய் ஒன்றும் விடச் சொல்லுங்கள். மறுபடி கசிந்தால் கீழ்வீட்டில் சொட்டுவதற்கு முன்னால் அந்தக் குழாயில் சொட்டிச் சொல்லிவிடும். தளத்துக் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்ந்திருந்தால் முதலில் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

உடைக்காமலே, தெளித்தால் போதும் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். பலன் உண்டா?
- ஒரு வாசகர், கோவை

உறுதியான டைல், நுண்ணிய ஜாயின்ட் விரிசல், அடியில் உலர்ந்த கலவை: இந்த மூன்றும் இருந்தால் ஓரளவு பலன் உண்டு. திரவம் இறங்குவது ஜாயின்ட் வழியாக மட்டும்தான். ட்ராப்பைச் சுற்றிய இடைவெளியையோ, ஆடுகிற டைலையோ அது ஒன்றும் செய்யாது. போடுவதானால் அறையை இரண்டு, மூன்று நாள் மின்விசிறி வைத்து உலர்த்திவிட்டுப் போடுங்கள். ஈரத்தின் மேல் ஊற்றுவது காசைக் கழுவி விடுவது.

வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்க்கிறோம். தரை பளபளக்கிறது, ஆனால் ஜாயின்ட் எல்லாம் பள்ளமாகிவிட்டது. வெள்ளை சிமென்ட் அடைத்தாலும் ஆறு மாதம்தான் நிற்கிறது.
- ஒரு வாசகி, திருநெல்வேலி

அந்த ஆசிட்தான் ஜாயின்டைத் தின்கிறது. கடையில் விற்கிற ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமென்ட் எதுவானாலும் அதில் பொங்கிக் கரையும். இன்றோடு நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தோ அடுத்தடுத்தோ ஊற்றாதீர்கள். கிளம்புகிற குளோரின் வாயு மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. சோப்புத் தூளும் நைலான் பிரஷும் போதும். போர்த் தண்ணீர் உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர் தடவலாம், ஜாயின்டை முன்கூட்டியே நல்ல தண்ணீரால் நனைத்துவிட்டு.

ஜாயின்டுக்கு: பழைய சிமென்டை டைல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். மேலாகச் சுரண்டி மேலாக அடைத்ததால்தான் ஆறு மாதத்தில் பெயர்ந்தது. இரண்டு நாள் உலரவிட்டு எபாக்ஸி போடுங்கள். ரெசின், ஹார்டனர், ஃபில்லர் என்று மூன்று பாகமாக வரும். பாக்கெட்டில் சொன்ன அளவை எடைத் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். கண்ணளவில் கலந்தால் ஒட்டிக்கொண்டே கிடக்கும், இறுகாது. நம் ஊர் வெயிலில் அரை மணி நேரத்தில் கையில் இறுக ஆரம்பித்துவிடும், ஆகவே கால் கிலோ, கால் கிலோவாகக் கலந்துகொள்ளுங்கள். மேலே படிந்ததை அன்றே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். மறுநாள் அந்தப் படலத்தை எடுப்பது பெரும்பாடு.

பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

ஒரு ரூபாய் நாணயத்தால் எல்லா டைலையும் தட்டி, ஒன்றுகூட டொக்கு இல்லை, கசிவும் இல்லை என்றால் ஒட்டலாம். தரை 12 முதல் 15 மில்லி உயரும். கதவு உரசுமா, வாசற்படியில் அறைப் பக்கம் தண்ணீர் திரும்புமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கசிகிற தரைக்கு இது மருந்தே அல்ல.

குளித்து முடித்ததும் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. முழுவதும் உடைக்காமல் வாட்டத்தைச் சரிசெய்ய முடியுமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

நிற்கிற தண்ணீரின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். நடுவே ஒரு ஸ்கேலை நிறுத்தி ஆழம் பாருங்கள். ஒன்று, இரண்டு மில்லி என்றால் விட்டுவிடுங்கள். வைப்பரால் தள்ளிவிட்டால் போகும். அதற்கு மேலே இருந்தால் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து, அந்த மூலையையும் ட்ராப் ஜாலியையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஜாலி மூலையைவிடத் தாழ்வாக இருந்தால், மூலையிலிருந்து ட்ராப் வரைக்கும் உள்ள டைல்களை மட்டும் எடுத்து, அடியில் கலவை கொடுத்து உயர்த்தி ஒட்டிவிடலாம். ஜாலி மூலைக்குச் சமமாகவோ மேடாகவோ இருந்தால் டைலை மாற்றிப் பயனில்லை. ட்ராப்பின் வாயை வெட்டித் தாழ்த்த இடம் இருக்கிறதா என்று பிளம்பர் பார்க்கட்டும். தாழ்த்தும்போது ட்ராப்புக்குள் நிற்கிற 50 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீர்ப் பூட்டு குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது போனால் சாக்கடை நாற்றம் நேராக வீட்டுக்குள் வரும்.